நடுவில் இருட்டாகத் தெரியும் நியூக்ளியோலஸ் உண்மையில் காலியா?

கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். முழு வளர்ச்சி பெற்ற சுண்டெலி முட்டைச் செல்களை ஃபிப்ரில்லரின், நியூக்ளியோஃபாஸ்மின் ஆகிய இரண்டு புரதங்களுக்கான எதிர்ப்பொருள்களால் (குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் மூலக்கூறுகளால்) சாயமேற்றிப் பார்த்திருக்கிறீர்கள். உட்கருவுக்குள் இருக்கும், ரைபோசோம்கள் (செல்லின் புரத ஆலைகள்) உருவாகும் இடமான நியூக்ளியோலஸின் விளிம்பில் மெல்லிய வளையம் ஒளிர்கிறது. உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் இருட்டு. "நடுப்பகுதியில் இந்தப் புரதங்கள் இல்லை என்று ஆய்வேட்டில் எழுதலாமா? இந்த உருண்டை எதனால்தான் ஆனது? இதே முடிவு மனித முட்டைக்கும் பொருந்துமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில் தெளிவானது: எழுத வேண்டாம். அந்த இருட்டு, புரதம் இல்லாததால் வந்தது என்பதைவிட, எதிர்ப்பொருள் உள்ளே போக முடியாததால் வந்தது என்பதற்கே வாய்ப்பு அதிகம். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாலூட்டிகளின் முட்டைச் செல்லோடு பல ஆண்டுகள் வேலை செய்த பழக்கத்தில் சொல்கிறேன். என் கை பழகியது பெரும்பாலும் சுண்டெலியில்தான் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாடநூல்களில் நாம் படித்த நியூக்ளியோலஸ் உடற்செல்லுக்கு உரியது. அதில் மூன்று பகுதிகள் உண்டு: நார் மையங்கள், அவற்றைச் சுற்றிய அடர்ந்த நார்ப்பகுதி, வெளியே குருணைப் பகுதி. ரைபோசோம் ஜீன்களை முதலாம் வகை ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி நார் மையத்துக்கும் அடர்ந்த நார்ப்பகுதிக்கும் இடையிலான எல்லையில் படியெடுக்கிறது. அடர்ந்த நார்ப்பகுதியில் ஃபிப்ரில்லரின் போன்றவை அந்த நீண்ட ஆர்.என்.ஏ.வைப் பக்குவப்படுத்துகின்றன. குருணைப் பகுதியில் நியூக்ளியோஃபாஸ்மின் நிறைந்திருக்க, ரைபோசோமின் துண்டுகள் ஒன்றுசேர்கின்றன. உங்கள் இரண்டு எதிர்ப்பொருள்களும் இந்த அமைப்பை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. உடற்செல்லில் அவை அழகாக வேலை செய்யும். முட்டைச் செல்லில் சிக்கல் தொடங்குவது, நீங்கள் பார்க்கும் வயதில் இந்த மூன்று பகுதி அமைப்பே இல்லை என்பதில்தான்.

வளர்ந்துகொண்டிருக்கும் முட்டைச் செல்லின் நியூக்ளியோலஸ் உடற்செல்லினுடையதைப் போலவே சுறுசுறுப்பானது. வலைப்பின்னல் போன்ற உருவம், தீவிரமான ரைபோசோம் உற்பத்தி. கருவுற்றபின் சில நாட்களுக்கான ரைபோசோம் இருப்பை முட்டை இந்தக் காலத்தில்தான் சேர்த்துவைக்கிறது. தவளை முட்டை இதற்காக ரைபோசோம் ஜீன்களைப் பெருமளவில் நகலெடுத்துக்கொள்கிறது. ஒரே உட்கருவில் ஏறத்தாழ 1500 நியூக்ளியோலஸ்கள் மிதக்கும். பாலூட்டிகள் அப்படிச் செய்வதில்லை. குரோமோசோமில் இருக்கும் ஜீன்களை வைத்தே சமாளிக்கின்றன. வளர்ச்சி முடியும் தறுவாயில் உற்பத்தி படிப்படியாக நிற்கிறது. வலைப்பின்னல் இறுகி, சீரான, வழவழப்பான, மிகவும் அடர்த்தியான ஒரே உருண்டையாகிவிடுகிறது. இதைத்தான் ஆய்வாளர்கள் நியூக்ளியோலஸ் போன்ற உருண்டை என்று தனியாகக் குறிப்பிடுகிறார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே நெருக்கமான நார்களைத் தவிர வேறெந்தப் பாகுபாடும் தெரியாது. பாலூட்டியின் முட்டையை 1827இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர் விவரித்தார். அதன் உட்கருவில் இருக்கும் பொட்டை 1835இல் ருடால்ஃப் வாக்னர் குறித்துவைத்தார். எளிய நுண்ணோக்கியிலேயே கண்ணில் பட்ட ஒன்று, எதனால் ஆனது என்ற கேள்விக்கு இன்றுவரை முழுமையாகப் பிடிகொடுக்கவில்லை என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

அடர்த்தி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நாம் பயன்படுத்தும் எதிர்ப்பொருள் பெரிய மூலக்கூறு. ஏறத்தாழ 150 கிலோடால்ட்டன் எடை. அதன்மேல் ஒளிர் சாயம் ஏந்திய இரண்டாம் எதிர்ப்பொருள் வந்து உட்கார வேண்டும். செல்லை அப்படியே நிலைப்படுத்தப் போடும் பாராஃபார்மால்டிஹைடு செல்லின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது. ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் உருண்டையில் இந்தப் பிணைப்பும் சேர்ந்தால் உள்ளே நுழைய இடைவெளியே இல்லாமல் போகிறது. இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதியின் மேல் சாயத்தை ஊற்றினால் மேல்தோல் மட்டும் நிறம் மாறுவதைப் போல, உங்கள் வளையமும் எதிர்ப்பொருள் எவ்வளவு ஆழம் போனது என்பதன் வரைபடமாக இருக்கலாம். புரதங்களின் அமினோ தொகுதிகளோடு பிணையும் சிறிய ஒளிர் சாயங்களைப் போட்டுப் பாருங்கள்; அதே உருண்டை முழுவதும் பிரகாசமாக ஒளிரும். ஆக, உள்ளே புரதம் நிறைய இருக்கிறது என்பதில் ஐயம் இல்லை. எந்தப் புரதம் என்பதுதான் கேள்வி.

இந்தச் சிக்கலைச் சுற்றிப்போக ஒரு வழி உண்டு. மாஸ்கோவில் ஓல்கா ஜட்செபினாவின் குழு சுண்டெலி முட்டைகளில் இதைக் காட்டியிருக்கிறது. செல்லை நிலைப்படுத்தி, சவ்வுகளில் துளையிட்டபின், மிக மென்மையான அளவில் புரோட்டீனேஸ் கே என்ற நொதியால் சிறிது நேரம் கையாண்டால், அதுவரை இருட்டாக இருந்த நடுப்பகுதியில் ஃபிப்ரில்லரின், நியூக்ளியோஃபாஸ்மின் உட்பட நியூக்ளியோலஸின் வழக்கமான புரதங்கள் தெரியவருகின்றன. அதாவது மறைந்திருந்த பிணைப்பிடங்கள் திறந்துகொள்கின்றன. அதே குழுவின் இன்னொரு முடிவும் கவனிக்கத்தக்கது: புரதங்கள் இருக்கின்றன, ஆனால் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மிகக் குறைவு. இயந்திரம் இருக்கிறது, சரக்கு இல்லை என்ற நிலை. உங்கள் ஆய்வேட்டுக்கு இதுவே நேரடியாகப் பொருந்தும் செய்தி.

ஆனால் நொதியைப் போட்டுவிட்டு, ஒளிர்ந்ததெல்லாம் உண்மை என்று நம்பிவிடவும் கூடாது. நொதி கொஞ்சம் கூடினால் உருண்டையே கரைந்துவிடும். எதிர்ப்பொருள் பிடிக்க வேண்டிய இடத்தையே அது வெட்டிவிடவும் முடியும். அறுபட்ட புரதத் துண்டுகள் நகர்ந்து வேறிடத்தில் ஒட்டினால், இல்லாத இடத்தில் இருப்பதாகத் தெரியும். எனவே செறிவையும் நேரத்தையும் படிப்படியாக மாற்றிப் பாருங்கள். ஒரே ஒரு நிலையில் எடுத்த படத்தை வைத்து எதையும் சொல்லாதீர்கள். அதே கண்ணாடித் தகட்டில் முட்டையைச் சூழ்ந்திருக்கும் கியூமுலஸ் செல்களையும் வைத்திருங்கள். அவற்றின் நியூக்ளியோலஸ் சரியாகச் சாயமேறினால் எதிர்ப்பொருள் வேலை செய்கிறது என்று தெரியும். பத்துப் பன்னிரண்டு நாள் குட்டியிலிருந்து எடுத்த, இன்னும் வளரும் முட்டைகளையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. அவற்றில் நொதி இல்லாமலே உட்புறம் சாயமேறுவதைக் காணலாம். இரண்டாம் எதிர்ப்பொருளை மட்டும் போட்ட முட்டைகளையும், நியூக்ளியோலஸில் இருக்கவே கூடாத ஒரு புரதத்துக்கான எதிர்ப்பொருள் போட்ட முட்டைகளையும் நொதியோடு சேர்த்தே கையாளுங்கள். நான் ஒரு கட்டுரையை மதிப்பிடும்போது முதலில் தேடுவது இந்தக் கடைசிப் படத்தைத்தான். அது இல்லையென்றால் மற்ற படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு நிம்மதி வராது.

நீங்கள் குறிப்பிடாத ஒன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் முட்டைகள் எந்தக் குரோமாட்டின் (புரதங்களோடு பிணைந்த டி.என்.ஏ.) நிலையில் இருந்தன? முழு அளவை எட்டிய சுண்டெலி முட்டைகள் எல்லாமே ஒரே மாதிரி அல்ல. சிலவற்றில் குரோமாட்டின் உட்கரு முழுவதும் பரவிக் கிடக்கும். நியூக்ளியோலஸைச் சுற்றி வளையம் இருக்காது. இவற்றைச் சூழப்படாத வகை, ஆங்கிலச் சுருக்கமாக என்.எஸ்.என். என்கிறோம். மற்றவற்றில் குரோமாட்டின் இறுகி நியூக்ளியோலஸை வளையமாகச் சூழ்ந்திருக்கும், அது சூழப்பட்ட வகை, அதாவது எஸ்.என். முதல் வகையில் ஆர்.என்.ஏ. படியெடுப்பு இன்னும் நடக்கிறது. இரண்டாவதில் அது அடங்கிவிட்டது. கருவுற்றபின் வளரும் திறனிலும் வேறுபாடு பெரிது: என்.எஸ்.என். முட்டைகளிலிருந்து வரும் கருக்கள் பெரும்பாலும் இரண்டு செல் நிலையிலேயே நின்றுவிடுகின்றன. இந்த இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் உங்கள் அளவீட்டுக்குப் பொருளே இருக்காது. ஹோக்ஸ்ட் 33342 என்ற டி.என்.ஏ. சாயத்தை மிகக் குறைந்த அளவில் போட்டு உயிருள்ள முட்டையிலேயே வகை பிரிக்கலாம். அல்லது நிலைப்படுத்தியபின் டி.என்.ஏ. சாயத்தைச் சேர்த்து ஒவ்வொரு படத்திலும் வகையைக் குறித்துக்கொள்ளலாம். இரண்டாவது வழி எளிது. இனி எடுக்கும் எந்தப் படத்தையும் அது இல்லாமல் எடுக்காதீர்கள்.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். உருண்டை எதனால் ஆனது என்று அறிய, அதைத் தனியாகப் பிரித்து, புரதங்களை நிறையை வைத்து அடையாளம் காணும் நிறை நிறமாலைக் கருவியில் கொடுத்தால் போதாதா என்று தோன்றும். உடற்செல்லில் அப்படித்தான் செய்தார்கள். கோடிக்கணக்கான செல்களை உடைத்து, நியூக்ளியோலஸ்களைச் சர்க்கரைக் கரைசலில் சுழற்றிப் பிரித்து, நூற்றுக்கணக்கான புரதங்களைப் பட்டியலிட்டார்கள். முட்டைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. சுண்டெலி முட்டையின் விட்டம் சுமார் 80 மைக்ரோமீட்டர், அதன் உட்கரு சுமார் 25, நியூக்ளியோலஸ் சுமார் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். கன அளவைப் போட்டுப் பார்த்தால் நியூக்ளியோலஸ் உட்கருவில் ஆறு விழுக்காடு, முழு முட்டையில் 0.2 விழுக்காடு. முட்டையை முழுதாகக் கரைத்து, புரதங்களைப் பிரித்து எதிர்ப்பொருளால் தேடும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையைச் செய்தால், புரதம் முட்டையில் இருக்கிறதா என்பது மட்டும் தெரியும். நியூக்ளியோலஸில் இருக்கிறதா என்பது தெரியவே தெரியாது. ஒரு உருண்டையின் கன அளவு சுமார் அரை பிக்கோலிட்டர். மில்லிலிட்டருக்கு 200 மில்லிகிராம் புரதம் என்று தாராளமாக வைத்தாலும் ஒரு உருண்டைக்கு 0.1 நானோகிராம்தான். ஆயிரம் உருண்டைகளை ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்தாலும் 100 நானோகிராம் கிடைக்கும். இன்றைய கருவிகளுக்கு அது போதும். ஆனால் எடுக்கும் கைக்குப் பொறுமை வேண்டும், ஒட்டிவரும் குரோமாட்டினையும் உட்கருச் சாற்றையும் கணக்கில் கொள்ளவும் வேண்டும்.

இந்த நுண்ணறுவை முறைதான் இத்துறையின் போக்கையே மாற்றியது. முட்டை பகுப்பைத் தொடங்கிவிடாதபடி மருந்தால் நிறுத்திவைத்து, நுண்குழாயால் உட்கருவிலிருந்து நியூக்ளியோலஸை மட்டும் உறிஞ்சி எடுத்துவிடலாம். 2008இல் ஒகுஷி, ஃபுல்கா உள்ளிட்டோர் இதைச் செய்து காட்டினார்கள். நியூக்ளியோலஸ் இல்லாத முட்டைகள் தடையின்றி முதிர்ந்தன. ஆனால் அவற்றிலிருந்து வந்த கருக்கள் ஒரு சில பகுப்புகளுக்குப் பின் நின்றுவிட்டன. எடுத்த உருண்டையைத் திரும்பச் செலுத்தினால் வளர்ச்சி மீண்டது. அன்று எல்லோரும் எதிர்பார்த்த விளக்கம், ரைபோசோம் தயாரிக்கும் பொருள்கள் போய்விட்டதால் கரு நின்றது என்பதுதான். பின்னர் வந்த சோதனைகள் அந்த விளக்கத்தைப் பலவீனமாக்கிவிட்டன. கருவுற்று இரண்டு முன்உட்கருக்களும் (தாயின் டி.என்.ஏ.வும் தந்தையின் டி.என்.ஏ.வும் தனித்தனியே இருக்கும் உட்கருக்கள்) உருவானபின் அவற்றிலிருந்து நியூக்ளியோலஸ் உருண்டைகளை எடுத்துவிட்டால் கரு நிற்கவில்லை. நியூக்ளியோலஸைப் புதிதாகவே உருவாக்கிக்கொண்டு குட்டியாகப் பிறக்கும் அளவுக்கு வளர்ந்தது. கியோகோகுவும் உடன் பணியாற்றியவர்களும் 2014இல் வெளியிட்ட முடிவு இது. ஆக, தாயின் நியூக்ளியோலஸ் தேவைப்படுவது கருவுற்றவுடன் வரும் குறுகிய இடைவெளியில்தான். அப்போது அது செய்யும் வேலை, குரோமோசோம்களின் மையப்பகுதியை ஒட்டிய டி.என்.ஏ.வைச் சுற்றிக் குரோமாட்டினை ஒழுங்குபடுத்துவது. அது நடக்காவிட்டால் முதல் பகுப்பு தாமதமாகிறது, குரோமோசோம்கள் தவறாகப் பிரிகின்றன.

கலவையைப் பற்றி நம்மிடம் உள்ள மிக உறுதியான செய்தியும் இதே வரிசைச் சோதனைகளில்தான் வந்தது. உருண்டையில் மேலோங்கி நிற்கும் புரதம் நியூக்ளியோபிளாஸ்மின் 2. இந்த ஜீன் இல்லாத சுண்டெலிகளின் முட்டைகளில் இயல்பான நியூக்ளியோலஸ் உருவாவதில்லை என்று 2003இலேயே தெரிந்திருந்தது. 2017இல் ஒகுஷியும் சகாக்களும் ஒரு படி மேலே போனார்கள்: நியூக்ளியோலஸ் எடுக்கப்பட்ட முட்டையிலிருந்து வந்த கருவில் இந்த ஒரே புரதத்தை மட்டும் உற்பத்தியாகச் செய்தாலே உருண்டை மீண்டும் உருவாகிறது, முதல் பகுப்பு சரியாகிறது, குட்டிகளும் பிறக்கின்றன. ஐந்தைந்தாக இணையும் அதன் தன்மையும், இரு முனைப் பகுதிகளும் அதற்கு அவசியம். இதை எண்ணிப் பார்க்கும்போது, நீங்கள் தேர்ந்தெடுத்த ஃபிப்ரில்லரினும் நியூக்ளியோஃபாஸ்மினும் இந்த உருண்டையின் முதன்மைக் கட்டுமானப் பொருள்கள் அல்ல என்பது விளங்கும். உங்கள் பட்டியலில் நியூக்ளியோபிளாஸ்மின் 2ஐக் கட்டாயம் சேருங்கள். அதுவும் விளிம்பில் மட்டுமே ஒளிர்ந்தால், எதிர்ப்பொருள் உள்ளே போகவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று உங்களுக்குத் தேவையில்லை.

ஐயத்துக்கு இடமுள்ளவற்றையும் சொல்ல வேண்டும். உருண்டைக்குள் ரைபோசோம் ஆர்.என்.ஏ. குறைவு என்பது ஏற்கத்தக்கதே. ஆனால் வேறு வகை ஆர்.என்.ஏ.க்கள் அங்கே எந்த அளவுக்கு இருக்கின்றன என்பது திறந்த கேள்வி. இதைச் சோதிக்கும்போதும் அதே ஊடுருவல் சிக்கல் வரும், ஆர்.என்.ஏ.வோடு இணையும் சிறிய சாயத்தையும் குறிப்பிட்ட ஆர்.என்.ஏ.வோடு மட்டும் இணையும் நீளமான துணையிழையையும் பயன்படுத்திப் பாருங்கள், ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியால் கையாண்ட முட்டைகளையும் பக்கத்தில் வையுங்கள். ஃபிப்ரில்லரின் போன்ற புரதங்கள் அங்கே வேலைக்காகச் சேமிக்கப்பட்டிருக்கின்றனவா, உற்பத்தி நின்றபின் தங்கிப்போன மிச்சமா என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. நியூக்ளியோலஸ் திரவத்துளி போல நடந்துகொள்கிறது என்று 2011இல் பிராங்வின் குழு காட்டியது தவளை முட்டையின் சுறுசுறுப்பான நியூக்ளியோலஸில். அதே பண்பை இந்த இறுகிய உருண்டைக்கு நேராகப் பொருத்தி எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அதை இந்த உருண்டையிலேயே அளந்து காட்டியாக வேண்டும்.

ஊடுருவல் சிக்கலே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. முட்டையைப் பிசினில் பதித்து 60 முதல் 80 நானோமீட்டர் தடிமனுள்ள சீவல்களாக வெட்டி, தங்கத்துகள் ஒட்டிய எதிர்ப்பொருளைச் சீவலின் முகத்தில் போட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பது. வெட்டிய முகத்தில் நடுப்பகுதியும் விளிம்பும் ஒரே மாதிரி வெளிப்பட்டிருப்பதால், எதிர்ப்பொருளுக்கு எதுவும் தடையில்லை. பதப்படுத்தும்போது சில பிணைப்பிடங்கள் அழிந்துபோகும் என்பது இதன் குறை. ஒட்டித் தெரியும் தங்கத்துகள்களும் குறைவு. ஆனாலும் நொதி முறையும் இதுவும் ஒரே பதிலைத் தந்தால், உங்கள் முடிவை அசைக்க யாராலும் எளிதில் முடியாது. ஒளிரும் புரதத்தை மரபுவழி ஒட்டவைத்து உயிருள்ள முட்டையில் பார்ப்பது மூன்றாவது வழி. அதில் அளவுக்கு மீறி உற்பத்தியாகும் புரதம் இயல்பாகப் போகாத இடத்துக்கும் போய்ச் சேரும் என்பதால், துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மனித முட்டையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பசு, பன்றி, மனிதன் ஆகியவற்றின் முழு வளர்ச்சி பெற்ற முட்டைகளிலும் இத்தகைய இறுகிய உருண்டை உண்டு. தாயின் நியூக்ளியோலஸ் தேவை என்பது பன்றியிலும் காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் விவரங்கள் இனத்துக்கு இனம் வேறுபடும். பன்றி முட்டையில் கொழுப்புத்துளிகள் உட்கருவை மறைத்துவிடும். சுழற்றி ஒதுக்கினால்தான் கண்ணுக்கே தெரியும். கருவின் சொந்த ஜீன்கள் விழித்துக்கொள்ளும் நேரமும் சுண்டெலியில் இரண்டு செல் நிலை, மனிதனில் நான்கிலிருந்து எட்டு செல் நிலை. செயற்கைக் கருத்தரிப்பு மையங்களில் முன்உட்கருவுக்குள் தெரியும் உருண்டைகளின் எண்ணிக்கையையும் வரிசையையும் பார்த்துக் கருவுக்கு மதிப்பெண் போடும் முறைகள் 1990களின் இறுதியிலிருந்து இருக்கின்றன; அவற்றின் முன்கணிப்புத் திறன் பற்றி ஆய்வுகள் முரண்பட்டே நிற்கின்றன. எனவே ஆய்வேட்டின் தலைப்பிலும் முடிவுரையிலும் "பாலூட்டி முட்டை" என்று பொதுவாக எழுதாமல் "முழு வளர்ச்சி பெற்ற, எஸ்.என். வகைச் சுண்டெலி முட்டை" என்று எழுதுங்கள். இப்போது கையிலிருக்கும் படங்களைத் தூக்கி எறிய வேண்டாம். நொதி போடாத நிலையின் படங்களாக அவை அப்படியே பயன்படும். அடுத்த வாரம் முட்டைகள் கிடைத்தால் முதலில் செய்ய வேண்டியது நியூக்ளியோபிளாஸ்மின் 2க்கான எதிர்ப்பொருளையும் டி.என்.ஏ. சாயத்தையும் சேர்த்து, நொதியுடனும் நொதியில்லாமலும் ஒரே நாளில் சாயமேற்றுவது. படங்களை இங்கே போட்டால் பார்த்துச் சொல்கிறேன். எந்த வகை எதிர்ப்பொருள், எவ்வளவு நேரம் நிலைப்படுத்தினீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள், அது தெரியாமல் படத்தை மட்டும் வைத்து என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது.